சுவர் ஓட்டையை ஐப்பசிக்கு முன் அடையுங்கள்

ஆடியில் கிளம்பிய காற்று இன்னும் முழுதாக அடங்கவில்லை. ஊவாத் தேயிலைக்கு வாசம் ஏற்றும் அதே உலர்காற்றுதான் ஈரச் சுவரையும் காயவைக்கிறது. பூனாகலையில் பெருமழை இறங்க இன்னும் ஐந்தாறு கிழமைதான். லயத்துச் சுவரில் தலை நுழைகிற அளவு ஓட்டையை வைத்துக்கொண்டு காலண்டர் தாளாலும் தகரத் துண்டாலும் மறைத்திருப்பவர்கள் இந்தக் கிழமையே வேலையைத் தொடங்குங்கள். மழை பிடித்தபின் மண்பூச்சு காயாது.

ஆனால் முதலிலேயே சாந்தகப்பையைத் தூக்க வேண்டாம். ஓட்டை எதனால் விழுந்தது என்று பாருங்கள். எலி தோண்டியிருக்கலாம், கூரைத் தகரம் ஒழுகி மண் கரைந்திருக்கலாம், பின்பக்கக் கான் அடைத்து அடிச்சுவர் ஊறியிருக்கலாம். இவை சுவரின் நோய். காரணத்தை நீக்கிவிட்டு அடைக்கலாம். ஓட்டையிலிருந்து கிளம்பிய வெடிப்பு தரைக்கு இறங்கி, இஸ்தோப்பைக் கடந்து முற்றத்து மண்ணிலும் ஓடுகிறதா? நேற்றுவரை சாத்திய கதவு இன்று நிலையில் மாட்டுகிறதா? மேட்டுச் சவுக்கு மரங்கள் சாய்கின்றனவா? மழையில்லாத நாளில் பீலித் தண்ணீர் கலங்குகிறதா? அப்படியென்றால் நோய் மலைக்கு. அந்த வெடிப்பைப் பூசி மறைக்காதீர்கள். குறுக்கே பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். கோடு விலகினால் மண் நகர்கிறது. கிராம சேவகருக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் சொல்லி, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தாரைக் கூப்பிடச் செய்யுங்கள். பக்கத்து மீரியபெத்தை 2014 ஒக்டோபர் 29 காலையில் மண்ணுக்குள் போனதை இங்கே யாருக்கும் நினைவுபடுத்தத் தேவையில்லை. கபரகலையில் மண் சரிந்தது 2023 மார்ச்சில். ஐப்பசி மட்டும்தான் ஆபத்தான மாதம் என்றும் எண்ண வேண்டாம்.

சுவரின் நோய்தான் என்று தெரிந்தால் அடுத்த காம்பராக்காரரிடம் பேசுங்கள். லயத்தில் ஒரு சுவருக்கு இரண்டு குடும்பம். நீங்கள் தட்டுகிற தட்டில் அவர்கள் வீட்டுச் சாமிப் படம் விழக்கூடாது. மின்சார வயர் ஓடினால் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள்.

பழைய லயங்களில் பல, கல்லும் மண்சாந்தும் வைத்துக் கட்டியவை. அதில் சீமெந்தை அப்புவது நம் ஊர்ப் பழக்கம். அவசரக்கார மேசன் பாஸ்மாரும் அதைத்தான் செய்வார்கள். மண்சுவர் ஈரம் குடித்து ஈரம் விடும். சீமெந்து அந்த ஈரத்தை வெளியே விடாது. உள்ளே மண் ஊறி நெகிழ, அடுத்த மழையில் ஒட்டு அப்பளம் போல முழுதாகக் கழன்று விழும், ஓட்டையையும் பெரிதாக்கிக்கொண்டு. மண்ணுக்கு மண்ணே போடுங்கள்.

உதிர்வதையெல்லாம் சுரண்டி எடுத்து, ஓரத்தை உட்பக்கம் அகலமாக இருக்கும்படி வெட்டுங்கள். அடைப்பு அப்போதுதான் பிடித்து நிற்கும். களிமண்ணைச் சலித்து, மணலும் பொடியாக நறுக்கிய மானாப்புல்லும் சேர்த்து மிதித்து, சாக்கு மூடி நாலைந்து நாள் புளிக்க விடுங்கள். கொஞ்சம் எடுத்துத் தட்டி வெயிலில் வையுங்கள். வெடித்தால் மணல் போதவில்லை. பொடிந்தால் மணல் கூடிவிட்டது. ஓட்டைக்குத் தண்ணீர் தெளித்து, கல்துண்டுகளைச் சாந்தில் பதித்து நிரப்புங்கள். மேலே பூசும்போது ஒரு தடவைக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு பூச்சையும் ஆணியால் கீறிவிட்டு, காய்ந்த பிறகே அடுத்தது. கடைசிப் பூச்சுக்கு நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. சில நாள் ஈரச் சாக்குத் தொங்கவிட்டு மெல்லக் காயவிடுங்கள். மேலே பெயின்ட் வேண்டாம், வெள்ளையடித்தால் போதும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் புண்ணாக்கும்; பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

புதிதாகக் காம்பரா தடுத்தவர்கள் சிலரிடம் ஜிப்சம் போர்ட் இருக்கும். அந்த வேலை வேறு. ஊறி உப்பிய பகுதி முழுவதையும் சதுரமாக அறுத்தெடுத்து, உள்ளே இரண்டு ரீப்பையைக் குறுக்கே திருகி, அளவான துண்டைப் பொருத்துங்கள். இணைப்பில் வலைநாடா ஒட்டி, புட்டியை மூன்று மெல்லிய பூச்சாக, ஒவ்வொன்றும் முந்தியதைவிட அகலமாக இழுங்கள். தேய்த்துப் பிரைமர் அடிக்காமல் பெயின்ட் பூசினால் ஒட்டுப்போட்ட இடம் தனியாகத் தெரியும். ஒழுகும் கூரைக்குக் கீழ் இந்தப் போர்ட்டே வேண்டாம் என்பது என் கருத்து.

வேலை முடிந்ததும் கானைத் துப்புரவாக்கி, நேரான சுவருள்ள வெறும் டின் ஒன்றை வெளியே வையுங்கள். ஒரு நாளில் அதில் மூன்று அங்குலம், அதாவது 75 மில்லிமீட்டர், சேர்ந்தால் விழிப்பாக இருங்கள். நான்கு அங்குலத்தில் பை கட்டுங்கள். ஆறு அங்குலம் வரும்வரை வீட்டில் நிற்காதீர்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117. புதுச் சுவரிலேயே எழுதி வைக்கலாம்.