இணையவழிக் காப்பீட்டுச் சேவையை அளந்தறியும் முறை

இணையத்தில் காப்பீட்டு பாலிசி வாங்கச் சில நிமிடங்கள் போதும். ஆனால் அது விற்பனையின் விரைவேயன்றிச் சேவையின் தரமன்று. பணம் தர வேண்டிய நாளில் நிறுவனத்தின் இணையதளம் எவ்வாறு இயங்குகிறது என்பதே அளவுகோல்.

மருத்துவக் காப்பீட்டில் இவ்வளவுகோல் எண்களாகவே வகுக்கப்பட்டுள்ளது. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் 2024 மே மாதம் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, ரொக்கமில்லாச் சிகிச்சைக்கான கோரிக்கை மீது 1 மணி நேரத்திற்குள் நிறுவனம் முடிவு தெரிவித்தல் வேண்டும். நோயாளியை வீட்டுக்கு அனுப்ப மருத்துவமனை ஒப்புதல் கோரினால், 3 மணி நேரத்திற்குள் இறுதி ஒப்புதல் அளித்தல் வேண்டும். அதற்குமேல் தாமதமாகி மருத்துவமனை கூடுதல் கட்டணம் விதித்தால், அத்தொகையை நிறுவனமே தன் பங்குதாரர் நிதியிலிருந்து ஏற்க வேண்டும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. நேரக் கணக்கு தொடங்குவது நாம் காப்பீட்டு அட்டையை நீட்டும்போதன்று. மருத்துவமனையின் கோரிக்கை நிறுவனத்தை அடையும்போதுதான். தாமதம் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவிலேயே நேர்வதும் உண்டு. ஆகவே, கோரிக்கை அனுப்பப்பட்ட நேரத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். செயலியிலும் குறுஞ்செய்தியிலும் தெரியும் நேரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பின்னர் புகார் எழுத நேர்ந்தால், கோபத்தைவிட இக்குறிப்பே பயன்படும்.

ஆயுள் காப்பீட்டில் விளம்பரங்கள் முன்னிறுத்துவது உரிமைக்கோரல் தீர்வு விகிதம். கற்பனையாக ஒரு கணக்கு: 100 கோரிக்கைகளில் 98 ஏற்கப்பட்டன, விகிதம் 98 விழுக்காடு. ஏற்கப்பட்டவை தலா 1 இலட்சம் ரூபாய், மறுக்கப்பட்ட இரண்டும் தலா 50 இலட்சம் எனில், கோரப்பட்ட 198 இலட்சத்தில் வழங்கப்பட்டது 98 இலட்சமே, பாதிகூட இல்லை! ஆணையத்தின் ஆண்டறிக்கை எண்ணிக்கை, தொகை ஆகிய இரண்டின்படியும் விவரம் தருகிறது. தொகைக் கணக்கையும் பாருங்கள்.

புகாருக்கு நிறுவனம் தரும் பதில் நிறைவளிக்காவிடில், ஆணையத்தின் ‘பீமா பரோசா’ தளத்தில் முறையிடலாம். காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரையும் கட்டணமின்றி அணுகலாம். அவர் 50 இலட்சம் ரூபாய் வரை வழங்க ஆணையிட இயலும்.

ஓராண்டோ அதற்கு மேலோ காலமுள்ள பாலிசியை, ஆவணம் கிடைத்த 30 நாள்களுக்குள் திருப்பித் தரலாம். சில பிடித்தங்கள் போக, பிரீமியம் திரும்பக் கிடைக்கும். அந்நாள்களிலேயே நியமனதாரர் விவரத்தைத் திருத்தக் கோரிப் பாருங்கள். உதவி எண்ணை ஓர் இரவு வேளையில் அழைத்துப் பாருங்கள். மறுமுனையில் மனிதர் பேசுகிறாரா என்பது அப்போதே தெரிந்துவிடும்.