கல்வெட்டும் கற்பனையும்

சரித்திரக் கதை புனைவார்க்குக் கடன் இரண்டு உண்டு. கற்போர்க்குச் சுவை தருதல் ஒன்று. மாண்டார்க்கு நேர்மை செய்தல் மற்றொன்று. இவ்விரண்டும் இயையுமாற்றைச் சோணாட்டுச் சான்று கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் களம். தஞ்சைப் பெரிய கோயில் 1010-ஆம் ஆண்டில் முற்றுப்பெற்றது. ஆயினும், இன்று நாம் காணும் பெரிய நந்தியும் முருகன் கோயிலும் நாயக்கர் காலத்தன. இவற்றை இராசராசன் கண்டு மகிழ்ந்தான் என எழுதுதல் பொருந்தாது. அவன் காலத்து அடிசிலில் மிளகாய் சேர்த்தலும் அத்தகையதே. மிளகாய் போர்த்துக்கேயர் வருகைக்குப் பின்னரே இந்நாடு புகுந்தது; அதற்குமுன் உறைப்பு ஈந்தது மிளகு. காவிரியும் அங்ஙனமே. 1934-இல் மேட்டூர் அணை முடிந்தபின், நீர் விடும் நாளை மனிதர் குறிக்கின்றனர்; சோழர் காலத்து உழவனோ மேற்குமலை மழையை நம்பியே நாற்றுவிட்டான்.

அடுத்து மாந்தர். பெரிய கோயிற் கல்வெட்டுக்கள் தளிச்சேரிப் பெண்டிர் நானூற்றுவரைப் பெயர் சுட்டி, ஒவ்வொருவர்க்கும் ஒரு மனையும் ஆண்டிற்கு நூறு கலம் நெல்லும் வகுக்கின்றன. அவற்றுள் ஒன்று, அரசனின் தமக்கை குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்கின்றது. கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய 'பொன்னியின் செல்வன்' கதையின் நாயகன் இத்தகைய சிறு குறிப்பினின்றே வளர்ந்தவன். கல் மௌனமாகும் இடமே கற்பனைக்கு உரிய இடம் என்க.

ஆயின், அம்மௌனத்தில் இடரும் உண்டு. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளெனச் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் என்போரை உடையார்குடிக் கல்வெட்டுக் கூறுகின்றது. கொலையின் காரணத்தைக் கூறவில்லை. உத்தம சோழனை ஐயுற்ற அறிஞரும் உளர். அதனை மறுத்தாரும் உளர். கல்கியோ, அவன்மீது பழி ஏறாவண்ணம் கதையை அமைத்தார். கொன்ற கை எதுவென்பதையும் ஐயமாகவே நிறுத்தினார். நந்தினி அவர்தம் படைப்பு. எனினும், அவளை மெய்யாக வாழ்ந்தவளென நம்புவார் இன்றும் உளர். கதையின் வலிமை அத்தகையது! சான்றின்றி ஒருவனைக் கொலையாளியாக்கின், அப்பழி அவன் பெயரை விட்டு நீங்காது. மறுமொழி கூற அவனும் வாரான்.

ஆதலின், எழுதப் புகும் மாணவ அன்பர்காள்! கல் சொன்னதை மாற்றாதீர். சொல்லாததைப் புனையுங்கால் அது புனைவென முன்னுரையில் உரைமின். நம் ஊர்க் கோயிற் சுவர்கள் படிப்பாரை நோக்கிக் காத்துள்ளன.