குடலுக்கு இயற்கையும் தெரியாது, செயற்கையும் தெரியாது

ராமநாதபுரம் கடலில் தொடங்கிய கப்பாஃபைகஸ் பாசி வளர்ப்பு, புதுக்கோட்டை தாண்டித் தஞ்சை மாவட்டக் கடற்கரைக்கும் வந்தது. மூங்கில் தெப்பத்தில் கயிறு கட்டி, பாசித் துண்டுகளை முடிந்து கடலில் மிதக்கவிட்டால் 45 நாளில் அறுவடை. சுய உதவிக் குழுப் பெண்கள் பலருக்கு அது வருமானம். உலர்த்திய அந்தச் சிவப்புப் பாசியிலிருந்து எடுப்பதுதான் கேரஜீனன். ஐஸ்கிரீம், சாக்லேட் பால் உறைகளில் 407 என்ற எண்ணாக அது இருக்கும். ‘பாக்கெட்டில் வருவதெல்லாம் கெமிக்கல், அதனால்தான் குடல் புண்ணாகிறது, இயற்கையாக விளைந்தது எதுவும் வயிற்றைக் கெடுக்காது’ என்று நம்புகிறவர்கள் இந்த 407-ஐ எந்தப் பக்கம் வைப்பார்கள்? அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், க்ரோன்ஸ் ஆகிய குடல் அழற்சி நோய்களைப் பொறுத்தவரை, ஒரு பொருள் எங்கே விளைந்தது என்பதைவிட அது குடலிலுள்ள பாக்டீரியாவை என்ன செய்கிறது என்பதே முக்கியம்.

பெருங்குடலின் உட்சுவர்மேல் வழவழப்பான சளிப்படலம் ஒன்று உண்டு. கோடானுகோடி பாக்டீரியாக்கள் அதற்கு அப்பால் தள்ளியே வாழ்கின்றன. 2015-இல் நேச்சர் இதழில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகக் குழு வெளியிட்ட ஆய்வில், கார்பாக்சிமெதில் செல்லுலோஸ் (466), பாலிசார்பேட் 80 (433) ஆகிய இரண்டு பால்மமாக்கிகளை (எண்ணெயும் நீரும் பிரியாமல் இருக்கப் பாக்கெட் உணவில் சேர்ப்பவை) எலிகளின் குடிநீரில் கலந்தார்கள். சளிப்படலம் மெலிந்தது, பாக்டீரியாக்கள் சுவரை நெருங்கின, நோய்க்கு வாய்ப்புள்ள எலிகளுக்கு அழற்சி முற்றியது. பாக்டீரியாவே இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு அதே பொருளைக் கொடுத்தபோது ஒன்றும் ஆகவில்லை. ஆனால் 466 குடித்த எலியின் குடல் பாக்டீரியாவை அவற்றுக்குள் மாற்றியதும் லேசான அழற்சி அவற்றிலும் தென்பட்டது. என் கணக்கில் அந்த ஆய்வின் கனமே இங்குதான் இருக்கிறது. இந்தச் சேர்மானம் நம் உடலைத் தாக்கும் விஷம் அல்ல. கேடு பாக்டீரியா வழியாக வருகிறது. ‘விஷமா, இல்லையா’ என்று மட்டும் பார்க்கும் பழைய சோதனைகளில் இது சிக்காமல் போனதற்குக் காரணமும் அதுதான். எனவே ‘அரசு அனுமதித்திருக்கிறது, பிறகென்ன பயம்’ என்ற எதிர்நம்பிக்கைக்கும் முழு ஆதரவு இல்லை.

எலிக்கு ஆவது மனிதனுக்கும் ஆகுமா என்ற கேள்வி நியாயமானது. 2022-இல் வந்த மனித ஆய்வில், ஆரோக்கியமான 16 பேரைத் தங்கவைத்து 11 நாள் உணவைக் கட்டுப்படுத்தினார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு நாளுக்கு 15 கிராம் 466 சேர்த்தார்கள். யாரும் வழக்கமாகச் சாப்பிடும் அளவல்ல அது. அவர்களுடைய குடல் பாக்டீரியாக்களின் வகைகள் குறைந்தன. குடலுக்கு நன்மை செய்யும் கொழுப்பு அமிலங்களும் சரிந்தன. ஆனால் பாக்டீரியா சுவரை நெருங்கியது இருவருக்கு மட்டுமே. ஆக, எல்லாக் குடலும் ஒன்றுபோல் நடப்பதில்லை. கேரஜீனனுக்கும் 2017-இல் சிகாகோவில் ஒரு சிறு பரிசோதனை நடந்தது. நோய் அடங்கியிருந்த 12 அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோயாளிகளில், அதை விழுங்கிய 5 பேரில் 3 பேருக்கு நோய் திரும்பியது; விழுங்காத 7 பேரில் ஒருவருக்கும் இல்லை. பன்னிரண்டு பேரை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. தூக்கி எறியவும் முடியாது.

இன்னும் வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. க்ரோன்ஸ் உள்ள குழந்தைகளுக்கு வாரக்கணக்கில் வெறும் திரவ ஊட்டச்சத்து மட்டும் கொடுத்து நோயை அடக்குவது உலகமெங்கும் ஏற்கப்பட்ட சிகிச்சை. அந்தத் திரவங்கள் பலவற்றிலும் மால்டோடெக்ஸ்ட்ரின், பால்மமாக்கி போன்ற சேர்மானங்கள் இருக்கின்றன! சேர்மானமே ஒரே குற்றவாளி என்றால் இந்தச் சிகிச்சை பலித்திருக்காது. ஹைதராபாத்தில், வயிற்றுத் தொல்லையோடு வந்த 30,000-க்கும் மேற்பட்டோருக்குக் கொலோனோஸ்கோபி செய்து பார்த்த ஆய்வும் ‘பட்டணத்து நோய்’ என்ற எண்ணத்தைக் கலைத்தது: கிராமத்தாரிடமும் நகரத்தாரிடமும் குடல் அழற்சி நோயின் விகிதம் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. ஒரத்தநாட்டுப் பக்கத்தில் சம்பா அறுக்கிறவருக்கும் இது வரலாம். மலத்தில் ரத்தம் போனால் மூலம், சீதபேதி என்று தானே முடிவுகட்டி மாதக்கணக்கில் தள்ளிப்போடுவது, எந்த ஐஸ்கிரீமைவிடவும் பெரிய ஆபத்து.

அப்படியானால் இயற்கை மருந்தாகப் பலர் நம்பும் பழைய சோறு? ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி, சிறுகுடலில் செரிக்காத வடிவத்துக்கு மாறுகிறது. பெருங்குடல் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் போன்ற அமிலங்களைத் தருகின்றன. பெருங்குடல் செல்களுக்கு அது முக்கிய எரிபொருள். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 2000-இலேயே, இத்தகைய செரிக்கா மாவுச்சத்தை உப்புக் கரைசலில் சேர்த்துக் காலரா பேதியைக் குறைத்துக் காட்டினார்கள். ஆனால் காலரா வேறு, கொலைட்டிஸ் வேறு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி அரசு நிதியோடு பழைய சோற்றை ஆராய எடுத்துக்கொண்டதே, விடை முன்கூட்டியே கையில் இல்லாததால்தான். நீராகாரத்தை நம்பி, கொலைட்டிஸுக்கான மெசலமைன் மாத்திரையை நிறுத்துகிறவர், இயற்கை என்ற அதே சொல்லிடம் இன்னொரு வழியில் ஏமாறுகிறார்.

சேர்மானத்தைக் குறைத்தால் பயன் உண்டா என்பதற்கு இப்போது கையிலுள்ள நல்ல சான்று, லண்டன் கிங்ஸ் கல்லூரி தலைமையில் நடந்த சோதனை. லேசான முதல் மிதமான க்ரோன்ஸ் உள்ள 150-க்கும் மேற்பட்டோர் 8 வாரம் கலந்துகொண்டார்கள். பால்மமாக்கிகளைத் தவிர்த்தவர்களில் சுமார் பாதிப்பேருக்கும், தவிர்க்காதவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்கும் நோய்க்குறிகள் தணிந்தன. மாத்திரையோடு சேர்த்து இதையும் முயல விரும்பும் நோயாளி, மருத்துவரிடம் சொல்லிவிட்டு, உறையின் பின்புறப் பொடி எழுத்தில் 407, 433, 466 இருக்கிறதா என்று பார்க்கலாம். நோயில்லாத மற்றவர்கள் எப்போதோ ஒரு ஐஸ்கிரீம் தின்பதற்குப் பயப்பட, இதுவரை வந்த ஆய்வுகளில் காரணம் இல்லை.