‘வீட்டில் கால்நடை உண்டா?’ என்று மருத்துவர் ஏன் கேட்கிறார்

புறநோயாளர் பிரிவில் நாங்கள் கேட்கும் கேள்விகளுள் பலர் தயங்கிப் பதில் சொல்லும் கேள்வி ஒன்று உண்டு. ‘வீட்டில் ஆடு, மாடு, நாய், குதிரை ஏதாவது வளர்க்கிறீர்களா?’ என்பதே அது. புகையும் மதுவும் பற்றிக் கேட்டால்கூட விடை விரைவில் வந்துவிடுகிறது. இதற்கு மட்டும் முதலில் ‘இல்லை’ என்பார்கள். பிறகு உடன்வந்த மகளோ மருமகளோ, ‘இரண்டு மாடு இருக்கிறதே’ என்று நினைவூட்டுவார். ‘மாட்டை விற்றுவிடுங்கள்’ என்று மருத்துவர் சொல்லிவிடுவாரோ என்ற அச்சமே இந்தத் தயக்கத்தின் காரணம். அச்சம் நியாயமானதுதான். ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி, குடியாத்தம் பகுதிகளில் காலணித் தொழிற்சாலைக்கு வேலைக்குச் செல்லும் பல குடும்பங்களுக்குக் கறவை மாடுதான் இரண்டாவது வருமானம். பக்ரீத்துக்கென ஓராண்டு முழுதும் பிள்ளையைப் போல் ஆட்டுக்கிடா வளர்ப்பவர்கள் உண்டு. எருது விடும் விழாவுக்காகக் காளை வளர்ப்பவர்களிடம் அதை விற்கச் சொல்வது வீண் வேலை.

ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: விலங்கை விற்கச் சொல்வதற்காக நாங்கள் இதைக் கேட்பதில்லை. விற்க வேண்டிய நிலை மிக அரிது. சில நோய்களை இந்த ஒரு விடை இல்லாமல் விரைவில் கண்டுபிடிக்க இயலாது என்பதாலேயே கேட்கிறோம்.

காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். மழைக்காலம் தொடங்கிப் பனிக்காலம் முடியும்வரை இவ்வட்டாரத்தில் ஒரு வாரம், பத்து நாள் நீடிக்கும் காய்ச்சலுடன் வருவோரில் பலருக்கு இருப்பது ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று வழங்கப்படும் ஸ்க்ரப் டைஃபஸ். இந்தத் தமிழ்ப் பெயர் சற்றே வழிதவறச் செய்வது. மாட்டின் மடியிலும் நாயின் காதிலும் ஒட்டியிருக்கும் உண்ணிக்கும் இந்நோய்க்கும் தொடர்பில்லை. புதரிலும் புல்லிலும் வாழும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒருவகைச் சிற்றுயிரியின் இளம்பருவம் கடிப்பதால் வருவது இது. ஆயினும் கால்நடை வளர்ப்போருக்கு இது வேறு வழியில் நெருக்கமான நோய். மாட்டுக்குப் புல் அறுக்கச் சென்று வரப்பில் அமர்ந்தவர், ஆடு மேய்க்கும்போது புதரோரம் படுத்தவர் ஆகியோரே அதிகம் கடிபடுகிறார்கள். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் வலியற்ற கரும்பொருக்கு ஒன்று தோன்றலாம். அது பெரும்பாலும் அக்குள், தொடை இடுக்கு, மார்பகத்தின் அடி, இடுப்புத் துணி இறுகும் இடம் என மறைவான பகுதிகளில் இருக்கும். வெட்கப்பட்டு மறைத்துவிடாதீர்கள். தக்க காலத்தில் தெரிந்தால் விலை மலிவான மாத்திரைகளாலேயே குணமாகும் நோய் இது. தாமதித்தால் நுரையீரலும் சிறுநீரகமும் பழுதுபட்டுத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்க நேரிடும்.

வாரக்கணக்கில் விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரவு வியர்வை, முதுகுவலி, மூட்டுவலி ஆகியவற்றோடு ஒருவர் வந்தால், ‘அண்மையில் மாடு கன்று வீசியதா?’ என்று கேட்போம். கருச்சிதைவான மாட்டின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுப்பதாலும் காய்ச்சாத பாலைக் குடிப்பதாலும் புருசெல்லோசிஸ் என்னும் நோய் வருகிறது. பாலைப் பொங்கக் காய்ச்சினால் போதும், அந்தக் கிருமி அழிந்துவிடும். கன்று ஈனும்போது கைகொடுப்பவர்கள் கையுறை அணிய வேண்டும். கையுறை கிடைக்காத அவசரத்தில் கிழியாத நெகிழிப் பைகளைக் கையில் கட்டிக்கொள்வதும் பயன் தரும்.

மற்றொரு கரும்பொருக்கைப் பற்றித் தோல் தொழில் நடக்கும் இப்பகுதியில் உள்ளவர்கள் தெரிந்திருக்க வேண்டும். அது கையிலும் முகத்திலும் கழுத்திலும், அதாவது வெளியே தெரியும் இடங்களில் வருவது. அடைப்பான் எனப்படும் ஆந்த்ராக்ஸ் நோயின் அடையாளம் அது. முந்தைய நாள்வரை நன்றாக இருந்த மாடோ ஆடோ திடீரென இறந்து, மூக்கிலும் வாயிலும் ஆசனவாயிலும் உறையாத கருங்குருதி கசிந்தால் அடைப்பானைச் சந்தேகிக்க வேண்டும். அந்நிலையில் உரிமையாளரின் மனம் எங்கே செல்லும் என்பதை நாங்கள் அறிவோம். பல்லாயிரம் ரூபாய் மாடு போயிற்று. தோலையாவது உரித்து மண்டிக்குக் கொடுத்தால் சிறிதேனும் தேறுமே என்ற எண்ணம் வருவது இயல்பு. ஆனால் உடலைக் கத்தி தொட்டு, குருதி காற்றுப் பட்ட பிறகே அந்தக் கிருமி தடித்த உறை பூண்ட விதைநிலைக்கு மாறுகிறது. அந்த விதைகள் மண்ணில் பல பத்தாண்டுகள் அழியாமல் கிடக்கும். அடுத்த தலைமுறை மாடும் அதே இடத்தில் மேய்ந்து இறக்கும். தோலை உரித்தவர், இறைச்சியை வெட்டியவர், சமைத்துத் தின்றவர் என ஒரே மாட்டிலிருந்து பலர் நோயுறலாம்.

ஆகவே அவ்வாறு இறந்த விலங்கை அறுக்கவும் வேண்டாம், உரிக்கவும் வேண்டாம். கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்லி, அவர் காட்டும் முறைப்படி சுண்ணாம்பு இட்டு ஆழப் புதைக்க வேண்டும். கால்நடை அவசர உதவிக்கு 1962 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. ஏற்கெனவே தொட்டுவிட்டவர்களுக்குக் கொப்புளம் தோன்றிப் பொருக்காக மாறி, சுற்றிலும் பெரிதாக வீங்கினால், வலி இல்லையே என்று காத்திருக்கக் கூடாது. தொடக்கத்தில் எளிதில் குணமாகும் இந்நோய், குருதியில் கலந்து மூளையுறையை எட்டிவிட்டால் உயிர் மீட்பது கடினம். இங்கு ஓர் ஐயத்தையும் தீர்த்துவிட வேண்டும். பதனிட்டு முடித்த தோலைக் கையாளும் காலணித் தொழிலாளர்கள் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. கவனம் தேவைப்படுவது பச்சைத் தோலிலும், உப்பிட்ட பதனிடாத தோலிலும் வேலை செய்வோருக்கு. அடைப்பானுக்கான கால்நடைத் தடுப்பூசி நமக்கு மிக அருகில், இராணிப்பேட்டையில் உள்ள கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்தில் தயாராகிறது. 1932இல் அந்நிலையம் தொடங்கப்பட்டதே வெக்கை நோயை எதிர்க்கத்தான். அந்த வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக 2011இல் அறிவிக்கப்பட்டது. கால்நடைத் தடுப்பூசியால் என்ன பயன் என்று கேட்போருக்கு வேறு சான்று தேவையில்லை.

வெறிநோய்க்கு வருவோம். நாய் கடித்தால் ஊசி போட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். மாட்டாலும் குதிரையாலும் பூனையாலும்கூட வெறிநோய் வரக்கூடும் என்பது பலருக்குத் தெரியாது. தெருநாய் கடித்த மாடு சில வாரங்கள் கழித்துத் தீனி விழுங்க முடியாமல் எச்சில் ஒழுக நிற்கும். தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று எண்ணி, உரிமையாளர் வாய்க்குள் கைவிட்டுத் துழாவுவார். உண்மையில் அங்கே எதுவும் சிக்கியிருக்காது. வெறிநோயால் தொண்டைத் தசைகள் செயலிழந்திருக்கும். விழுங்க இயலாத மாட்டின் வாயில் கால்நடை மருத்துவர் பார்க்கும்வரை கைவிடாதீர்கள். கைவிட்டிருந்தால், கையில் சிறு கீறலே இருந்தாலும், உடனே எங்களிடம் வாருங்கள். அந்த மாட்டின் பாலைக் காய்ச்சிக் குடித்தவர்கள் பதற வேண்டியதில்லை.

கடிபட்டவர் செய்ய வேண்டிய முதல் வேலை மருத்துவமனைக்கு ஓடுவதன்று. குழாய் நீரும் சோப்பும் கொண்டு காயத்தைப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்தே கழுவுங்கள். பதினைந்து நிமிடம் என்பது நாம் எண்ணுவதைவிட நீண்டது. சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதையும் வைக்க வேண்டாம். கட்டுப்போட்டு இறுக்கவும் வேண்டாம். அதன்பின் அன்றே தடுப்பூசி. அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இது கட்டணமின்றிக் கிடைக்கிறது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பழைய அச்சம் இன்னும் சிலரைத் தடுக்கிறது. ஆட்டு மூளையிலிருந்து செய்த அந்தப் பழைய மருந்தின் காலம் முடிந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. இன்று கையில் தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாள்களிலும், தசையில் போடும் முறையில் 0, 3, 7, 14, 28 ஆகிய நாள்களிலும் ஊசி. கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் தயங்காமல் போட்டுக்கொள்ளலாம். வீட்டு நாயோ பூனையோ கடித்திருந்தால் பத்து நாள் அதைக் கவனித்து வர வேண்டும். ஆனால் அந்தப் பத்து நாள் முடியட்டும் என்று முதல் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

குருதி வரும்படி கடித்திருந்தால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்னும் மருந்தைக் காயத்தினுள்ளேயே செலுத்துவோம். ‘குதிரை ஊசியா?’ என்று சிலர் அஞ்சிக் கேட்கிறார்கள். ஆம், அதன் ஒருவகை குதிரையின் குருதியிலிருந்தே எடுக்கப்படுகிறது. பாம்புக்கடிக்கு நாம் தரும் நஞ்சுமுறி மருந்தும் அப்படித்தான். சென்னையை அடுத்த வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் பாம்புகளிடமிருந்து சேகரித்துத் தரும் நஞ்சைச் சிறு சிறு அளவில் குதிரைக்குச் செலுத்தி, அதன் உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுக்கிறார்கள். வெறிநாய் கடித்தவரும் கண்ணாடி விரியன் கடித்தவரும் பிழைத்தெழுவதில் ஏதோ ஓர் இலாயத்தில் நிற்கும் குதிரைக்கும் பங்கு இருக்கிறது.

நம் ஊர்க் குதிரைகளோ இப்போது குறைந்துவிட்டன. ரயிலடியில் நின்ற ஜட்கா வண்டிகள் போய், இன்று எஞ்சியிருப்பவை பெரும்பாலும் திருமண ஊர்வலக் குதிரைகள். அவற்றை வளர்க்கும் குடும்பத்தார் எங்களிடம் வருவது பெரும்பாலும் உதைபட்டுத்தான். குதிரை தனக்கு நேர் பின்னால் நிற்பதைப் பார்க்க இயலாது. பின்புறமாக அணுகாமல், குரல் கொடுத்துக்கொண்டே தோள் பக்கமாக அணுக வேண்டும். மேளமும் வெடியும் முழங்கும் ஊர்வலத்தில் பழகிய குதிரையும் மிரளும். குழந்தைகளை அதன் பின்னங்கால் அருகே விடக் கூடாது. வயிற்றில் உதைபட்டவர் வெளிக்காயம் இல்லாமல் எழுந்து நடக்கலாம். ஆனால் மண்ணீரலோ கல்லீரலோ கிழிந்து உள்ளே குருதி கசிவது சில மணி நேரம் கழித்தே தெரியவரும். வயிற்றில் உதைபட்ட ஒவ்வொருவரையும் அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும். காளை முட்டியவருக்கும் இதே விதி. இலாயத்து மண்ணிலும் சாணத்திலும் இரணஜன்னிக் கிருமியின் விதைகள் நிறைந்திருக்கும். லாடம் அடிப்பவரும் குதிரை பராமரிப்பவரும் காயம் பட்ட பிறகு போடலாம் என்றிராமல், தடுப்பூசியை முறையாக முன்கூட்டியே போட்டுவைக்க வேண்டும்.

இதுவரை சொன்னவை எல்லோருக்கும் பொருந்தும். ஏற்கெனவே நோயுற்றிருப்பவர்களுக்கு இன்னும் சில சொல்ல வேண்டும். சிறுநீரக மாற்று அறுவை, எலும்பு மஜ்ஜை மாற்று, புற்றுநோய் மருந்து, நீண்டகால ஸ்டீராய்டு ஆகியவற்றால் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் செல்ல விலங்கைக் கைவிட வேண்டியதில்லை. வேலையைப் பங்கிட வேண்டும். சாணம் அள்ளுதல், தொழுவம் கழுவுதல், பூனை மலம் கழித்த மண்ணை அகற்றுதல், கன்று ஈனும்போது உதவுதல் ஆகியவை வீட்டில் வேறொருவர் பொறுப்பு. தீனி வைத்தல், தடவிக்கொடுத்தல், கணக்குப் பார்த்தல் நோயாளியின் பங்கு. முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும். இவர்களை நாய் குருதி வராமல் இலேசாகப் பிராண்டியிருந்தாலும் இம்யூனோகுளோபுலினும் தேவைப்படும் என்பதால், தாம் உண்ணும் மருந்துகளின் பட்டியலைக் கையோடு கொண்டுவர வேண்டும். இறைச்சிக் கடைக் கழிவை நாய்க்குப் போடும் பழக்கத்தை எல்லா வீடுகளும் நிறுத்த வேண்டும். கல்லீரலில் வளரும் ஒருவகை நீர்க்கட்டி, ஆட்டின் உள்ளுறுப்பிலிருந்து நாய்க்கும் நாயிலிருந்து நமக்கும் வரும் புழுவால் உண்டாவது.

நீரிழிவால் கால் மரத்தவர்கள் வெறுங்காலுடன் தொழுவத்தில் நடப்பதைப் பார்க்கும்போது எங்களுக்கு ஆற்றாமை வருகிறது. உலகுக்கெல்லாம் காலணி தைத்து அனுப்பும் ஊரில், குளம்பு மிதித்ததும் முள் தைத்ததும் தெரியாமல் புண் அழுகிய பின்னர் வருகிறார்கள். தொழுவத்துக்கென முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் ஒரு சோடி வைத்துக்கொள்ளுங்கள். சாணமும் மூத்திரமும் கலந்த சேற்றிலிருந்து எலிக்காய்ச்சல் தொற்றாமலும் அது காக்கும். வயிற்று அறுவை முடிந்தவர்கள் புல்லுக்கட்டும் தண்ணீர் வாளியும் எப்போது தூக்கலாம் என்பதை வீடு திரும்பும் நாளில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடைசியாக, மருத்துவமனையில் சேரும் நாளைப் பற்றி. ‘பால் கறக்க ஆளில்லை’ என்று சிகிச்சை முடியுமுன்பே வீடு செல்ல அனுமதி கேட்பவர்களை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். கறக்காமல் விட்டால் மடிநோய் வரும் என்று அவர்கள் அஞ்சுவது சரியே. அறுவைக்கு நாள் குறித்தவுடன் அண்டை வீட்டாரிடமோ உறவினரிடமோ பேசிவிடுங்கள். கறக்கும் வேளை, தீனியின் அளவு, மாட்டின் குணம், நாய்க்குக் கடைசியாகத் தடுப்பூசி போட்ட தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பழகாத கைக்குக் கறக்க விடாத மாடாக இருந்தால், உதவ வருபவரை ஒரு வாரம் முன்னதாகவே உங்களோடு தொழுவத்துக்கு வரச்சொல்லிப் பழக்குங்கள். யாருமே இல்லாதபோது அதை மறைக்காமல் செவிலியரிடம் சொல்லுங்கள். அவசரமில்லாத அறுவையாக இருந்தால் மாடு பால் வற்றும் காலம் பார்த்து நாளை மாற்றித்தர முயல்வோம்.