சிறிய விமான நிலையம், பெரிய பயிற்சிக்கூடம்



சாதாரண தரமோ உயர்தரமோ எழுதிவிட்டு வீட்டிலிருக்கும் மகனை என்ன செய்வது என்று கேட்கும் தந்தையர் நம்மிடையே அதிகம். பெரும்பாலும் இரண்டு வழிகள்தாம் பேசப்படுகின்றன. ஒன்று, கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார வைப்பது. மற்றது, கட்டாருக்கோ துபாய்க்கோ அனுப்புவது. இவ்வாரம் மூன்றாவது வழியொன்றைப் பற்றிச் சொல்ல விரும்புகின்றேன். அதுதான் நமது பிராந்திய விமான நிலையங்கள். சரக்கு அனுப்பும் தொழில் நிமித்தம் விமான நிலையங்களுக்குப் பல வருடங்கள் போய்வந்தவன் என்ற வகையில் இதனை எழுதுகின்றேன்.

கட்டுநாயக்க மட்டுமல்ல

விமான நிலையம் என்றதும் கட்டுநாயக்கதான் நினைவுக்கு வரும். ஆனால் 2013 மார்ச்சில் மத்தள சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது. மட்டக்களப்பு 2018 இல் உள்நாட்டு விமான நிலையமாகத் திறந்து வைக்கப்பட்டது. பலாலியில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் 2019 ஒக்டோபரில் திறக்கப்பட்டு, அடுத்த மாதமே சென்னையிலிருந்து பயணிகள் விமானம் வந்தது. கொரோனாவினால் 2020 இல் நின்றுபோன அச்சேவை 2022 டிசம்பரில் மீண்டும் ஆரம்பமானது. 2024 செப்டம்பரில் இன்டிகோ நிறுவனமும் அவ்வழியில் இறங்கியது. இரத்மலானை இவை யாவற்றுக்கும் மூத்தது.

இவ்விடங்களில் வேலை என்றால் விமானி அல்லது விமானப் பணிப்பெண் என்று மட்டும் எண்ண வேண்டாம். பயணிகளைப் பதிவு செய்வோர், பொதிகளை ஏற்றி இறக்குவோர், விமானத்தின் பாரக் கணக்கைத் தயாரிப்போர், சரக்குப் பிரிவினர், பாதுகாப்புச் சோதனையாளர், தீயணைப்பு வீரர், மின்சாரம் மற்றும் குளிரூட்டித் தொழில்நுட்பவியலாளர், வானொலிக் கருவி திருத்துவோர், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் எனப் பட்டியல் நீளும். சுங்கமும் குடிவரவும் அரசாங்கப் பரீட்சை மூலம் சேரும் தனித் திணைக்களங்கள்.

பெரிய நிலையத்தில் ஒருவர் வருடக்கணக்கில் ஒரே வேலையைச் செய்யக்கூடும். சிறிய நிலையத்தின் நிலைமை வேறு. காலையில் பயணிகளைப் பதிவு செய்யும் அதே இளைஞன் சற்று நேரத்தில் நுழைவாயிலில் நிற்பான், பிறகு பொதிக் கணக்கைச் சரிபார்ப்பான், மாலையில் தொலைந்த பொதி பற்றிய முறைப்பாட்டை எழுதுவான். சம்பளம் சற்றுக் குறைவாக இருந்தாலும் கல்வி அதிகம். நான் பிராந்திய நிலையங்களைப் பரிந்துரைப்பதற்கு இதுவே முதற்காரணம்.

கடைக்குக் கொண்டுவரக்கூடிய திறன்கள்

ஒரு தொழிலில் கற்று இன்னொரு தொழிலுக்கு எடுத்துச் செல்லக்கூடிய திறனே வியாபாரிக்குப் பெறுமதியானது. நான்கு உதாரணங்களைத் தருகின்றேன்.

1. இடத்துக்கும் விலை உண்டு என்ற கணக்கு. விமானச் சரக்கில் நிறுவையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்றிமீற்றரில் பெருக்கி, 6000 ஆல் வகுத்து வருவதை ‘கன அளவு நிறை’ என்பர். இரண்டில் எது கூடுதலோ அதற்கே கட்டணம். 60 x 50 x 40 சென்றிமீற்றர் பெட்டியொன்றின் உண்மை நிறை 12 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கணக்குப்படி அது 20 கிலோ. அதாவது 8 கிலோ வெறும் காற்றுக்கு நாம் பணம் கொடுக்கின்றோம். இந்தக் கணக்குப் பழகிய பையன் உங்கள் களஞ்சியத்தின் இறாக்கையையும் லொறியையும் வேறு கண்ணால் பார்ப்பான்.

2. ஆபத்தான பொருள் பற்றிய அறிவு. விமானத்தில் ஆபத்தான பொருட்களை 9 வகுப்புகளாகப் பிரித்துள்ளனர். அற்ககோல் கலந்த வாசனைத் திரவியம் தீப்பற்றும் திரவ வகுப்பு. அழுத்தமூட்டிய ஸ்பிறே வாயு வகுப்பு. பற்றரி அசிட் அரிக்கும் பொருள் வகுப்பு. லிதியம் பற்றரி 9 ஆம் வகுப்பு. பவர் பேங்கைக் கையில் கொண்டுபோகும் பையில்தான் வைக்கலாம், ஒப்படைக்கும் பொதியில் வைக்கக் கூடாது. இப்பொருட்களையே நமது கடைகளில் ஒன்றின்மேல் ஒன்றாக, சில வேளை மின்சார ஆளியின் கீழேயே அடுக்கி வைத்திருக்கின்றோம். ஒரு தீ விபத்து ஒரு தலைமுறையின் உழைப்பை ஓரிரவில் அழித்துவிடும். இதனைக் கற்ற ஒருவர் கடையிலிருப்பது பெரும் பாதுகாப்பு.

3. நேரமும் ஒப்படைப்பும். பலாலிக்கு வருவது போன்ற ஏறத்தாழ 70 ஆசன விமானம் தரையில் நிற்கும் நேரம் குறுகியது. அதற்குள் இறக்கி, சுத்தம் செய்து, எரிபொருள் நிரப்பி, ஏற்றி அனுப்ப வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒருவர் பொறுப்பு, ஒரு கையொப்பம். ஒரு முறைமாற்றத்தில் போகிறவர் வருகிறவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டே போவார். நமது கடைகளில் “அவனிடம் சொன்னேன், அவன் மறந்துவிட்டான்” என்ற பேச்சினால் எத்தனை வாடிக்கையாளரை இழக்கின்றோம்!

4. கோபக்கார வாடிக்கையாளர். விமானம் தாமதமானால் பயணிகள் சத்தமிடுவர். அந்நேரம் பொய் வாக்குறுதி கொடாமல், தெரிந்ததை மட்டும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் அமைதியாகச் சொல்லப் பழகியவன் எந்தக் கல்லாவிலும் வெற்றி பெறுவான்.

கடையிலிருந்து அங்கே

இத்திறன்கள் எதிர்ப்பக்கமும் செல்லும். வாப்பாவின் கடையில் வளர்ந்த பிள்ளை நிறுவை, எண்ணிக்கை, பற்றுச்சீட்டு, இரண்டு மூன்று மொழி, மனிதரைக் கண்டு அளவிடும் பார்வை ஆகியவற்றை ஏற்கெனவே கற்றிருக்கின்றது. ஆனால் நேர்முகப் பரீட்சையில் “முன் அனுபவம்?” என்று கேட்டால் “ஒன்றுமில்லை, கடையில் நின்றேன்” என்று தலைகுனிகின்றது. “இரண்டு வருடம் இருப்புக் கணக்கைப் பொறுப்பாகப் பார்த்தேன், நாளாந்தப் பணத்தைச் சரிபார்த்து ஒப்படைத்தேன்” என்று சொல்லப் பழக்குங்கள். யூசுப் (அலை) அவர்கள் எகிப்தின் களஞ்சியப் பொறுப்பை ஏற்க முன்வந்தபோது குலப்பெருமையைச் சொல்லவில்லை. பேணிக்காக்கும் தன்மையையும் அறிவையுமே எடுத்துச் சொன்னார்கள் என்பதை சூரா யூசுப் நமக்குக் கற்றுத் தருகின்றது.

சேருமுன் கவனிக்க

முதலாவது, விமான நிலையமும் ஒரு சந்தைதான், வாடிக்கையாளர் போய்விட்டால் அதுவும் வெறிச்சோடும். மத்தளவிலிருந்து ஸ்ரீலங்கன் விமானச் சேவை 2015 ஜனவரியில் விலகியது. பிளைதுபாய் 2018 இல் விலகியது. கொரோனா காலத்தில் 2020 மார்ச் முதல் 2021 ஜனவரி வரை சாதாரண பயணிகள் வருகைக்கு நாடே மூடியிருந்தது. அந்நாட்களில் நிறுவனத்தின் பெயரை மட்டும் நம்பியிருந்தவர் தவித்தார். கையில் திறனிருந்தவருக்குக் களஞ்சியம், கூரியர், ஹோட்டல் எனப் போவதற்கு இடமிருந்தது. ஆகவே வேலையைத் தேடும்போதே அதில் எதைக் கற்கலாம் என்றும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, “விமான நிலையத்தில் வேலை எடுத்துத் தருகிறேன்” என்று முற்பணம் கேட்பவரிடம் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். தனியார் பயிற்சி நிலையமானால் அது மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு பெற்றதா என்று பாருங்கள். சான்றிதழ் அனுமதிப்பத்திரத்துக்கானது என்று சொன்னால் சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையிடம் நேரடியாக விசாரியுங்கள். விமானப் பொறியியலாளரும் கட்டுப்பாட்டாளரும் அனுமதிப்பத்திரமின்றிப் பணியாற்ற முடியாது. ஆறு மாதப் பாடநெறி எவரையும் பொறியியலாளராக்காது.

மூன்றாவது, இரவுபகல் முறைமாற்றம் உண்டு. ஜும்ஆ, நோன்பு, பெருநாள் பற்றி ஆரம்பத்திலேயே மரியாதையாகப் பேசி ஒழுங்கு செய்துகொள்வது நல்லது. தீர்வையற்ற கடைகளில் மதுபான விற்பனையும் இருக்கும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் எப்பகுதியில் வேலை என்று கேட்டு, சந்தேகமிருந்தால் ஆலிம்களிடம் தெளிவு பெறுங்கள்.

இவ்வாரப் பயிற்சி

ஒரு தாளை இரண்டாகப் பிரியுங்கள். இடது பக்கம் உங்கள் மகனோ கடைப் பையனோ செய்யும் வேலைகளில் பத்தை எழுதுங்கள். வலது பக்கம் அதே வேலை விமான நிலையத்திலோ துறைமுகத்திலோ ஹோட்டலிலோ என்ன பெயரில் நடக்கின்றது என்று எழுதுங்கள். வலது பக்கம் வெறுமையாக இருக்கும் வரிகள் உங்கள் கடைக்குள் மட்டுமே செல்லுபடியாகும். அவை அதிகமானால் அந்தப் பிள்ளைக்கு நீங்கள் சம்பளம் மட்டுமே கொடுக்கின்றீர்கள், தொழில் கற்றுக்கொடுக்கவில்லை என்று பொருள். அடுத்து, களஞ்சியத்திலுள்ள மூன்று பெட்டிகளை அளந்து கன அளவு நிறையைக் கணக்கிட்டுப் பாருங்கள். அடுத்த முறை பொருள் இறக்குமுன் எப்படிப் பொதி செய்யச் சொல்ல வேண்டும் என்பது தானாகப் புரியும்.

நாம் நமது பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லும் கடை ஒருநாள் கைமாறலாம். கற்றுக்கொடுத்த திறன் அவர்களுடனேயே போகும். அல்லாஹ் நமது உழைப்பிலும் அவர்களது உழைப்பிலும் பரகத் செய்வானாக.