இழந்த நாணயத்தை மீட்டல்: அமெரிக்கக் கூட்டுறவுக் கடன் சங்கங்களின் கடன் அட்டை

தமிழில் 'நாணயம்' என்னும் சொல் காசையும் குறிக்கும். வாங்கிய கடனைச் சொன்ன நாளில் திருப்பித் தரும் பண்பையும் குறிக்கும். இவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பே கடன் முறையின் அடிப்படையாகும். முன்பு ஒருவரது நாணயம் ஊர்க் கடைக்காரரின் நினைவில் இருந்தது. இன்று அது கடன் தகவல் நிறுவனங்களின் ஏட்டில் ஓர் எண்ணாகப் பதிவாகியுள்ளது. நோய், வேலையிழப்பு போன்ற காரணங்களால் தவணை தவறியவர், வருவாய் சீரடைந்த பின்னரும் அந்த எண் தாழ்ந்திருப்பதால் கடன் பெற இயலாமல் தவிக்கிறார். கடன் கிடைக்காததால் நாணயத்தை மெய்ப்பிக்க வாய்ப்பில்லை. மெய்ப்பிக்காததால் கடன் கிடைப்பதில்லை.

இச்சுழலிலிருந்து வெளிவர அமெரிக்க ஐக்கிய நாட்டில் கையாளப்படும் வழிகளுள் ஒன்று, கூட்டுறவுக் கடன் சங்கம் வழங்கும் கடன் அட்டையாகும். அவ்வட்டையை எவ்வாறு தேர்ந்தெடுப்பது, அதன் நன்மைகளும் வரம்புகளும் யாவை, அதிலிருந்து நம் நாடு கற்கத்தக்கது என்ன என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

இந்தியாவுடன் ஒரு பழைய தொடர்பு

அமெரிக்காவில் 'கிரெடிட் யூனியன்' எனப்படும் இச்சங்கங்களின் வரலாற்றில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. ஜெர்மனியில் ரைபைசனும் ஷுல்ட்சே-டெலிட்ஷும் 19 ஆம் நூற்றாண்டில் தோற்றுவித்த கூட்டுறவுக் கடன் முறையை ஆராய்ந்து, பிரடெரிக் நிக்கல்சன் சென்னை மாகாண அரசுக்கு அறிக்கை அளித்தார். அதன் பின்னர், 1904 ஆம் ஆண்டில் இந்தியக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் சட்டம் நிறைவேறியது. பாஸ்டன் நகர வணிகரான எட்வர்டு ஃபைலீன் 1907 இல் இந்தியாவுக்கு வந்தபோது, வங்காளத்தில் இயங்கிய கிராமச் சங்கங்களைக் கண்டு பெரிதும் ஈர்க்கப்பட்டார். கனடாவின் அல்போன்ஸ் டெஜார்டின் உதவியுடன் 1908 இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் மான்செஸ்டர் நகரில் அமெரிக்காவின் முதற்சங்கம் உருவாயிற்று. 1909 இல் மாசசூசெட்ஸ் மாநிலம் தனிச்சட்டம் இயற்றியது. ஃபைலீன் இவ்வியக்கத்தை நாடெங்கும் பரப்பப் பொருளுதவி செய்தார். 1934 இல் கூட்டாட்சி அரசின் சட்டமும் வந்தது.

2024 ஆம் ஆண்டில் அந்நாட்டில் வைப்புக் காப்பீடு பெற்ற சங்கங்கள் ஏறத்தாழ 4,500 இருந்தன. அவற்றின் உறுப்பினர்கள் 14 கோடிக்கு மேற்பட்டவர்கள். ஒரே தொழிற்சாலையில் பணிபுரிவோர், ஒரே வட்டாரத்தில் வசிப்போர் போன்று பொதுப்பிணைப்பு உடையவர்களே ஒரு சங்கத்தில் உறுப்பினராகலாம். சிறு பங்குத்தொகை செலுத்தினால் போதும். ஒருவருக்கு ஒரு வாக்கு என்பதே விதி. இலாபம் பெறும் வெளிப்பங்குதாரர் எவரும் இல்லாததால், மிச்சமாகும் தொகை குறைந்த வட்டியாகவும் சேமிப்புக்கான ஈவாகவும் உறுப்பினரையே சேர்கிறது.

அட்டையின் உண்மையான பயன்

மதிப்பை மீட்க விரும்புவோர் முதலில் ஒன்றை உணர வேண்டும். அவருக்குக் கடன் அட்டை செலவுக்குப் பணம் பெறும் கருவியன்று. ஒழுங்காகத் திருப்பிச் செலுத்துகிறார் என்பதற்கு மாதந்தோறும் சான்று உண்டாக்கும் கருவியாகும். அட்டையைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோல்கள் யாவும் இக்கருத்திலிருந்தே பிறக்கின்றன.

அமெரிக்காவில் 1989 இல் அறிமுகமான ஃபைகோ மதிப்பெண் 300 முதல் 850 வரை அமையும். அதன் கூறுகளில், தவணைகளைச் செலுத்திய வரலாற்றுக்கு 35 சதவீதமும், நிலுவையின் அளவுக்கு 30 சதவீதமும், கணக்குகளின் வயதுக்கு 15 சதவீதமும் இடம் உண்டு. புதுக்கடன்களுக்கும் கடன்வகைகளுக்கும் தலா 10 சதவீதம். வருமானமும் சேமிப்பும் இதில் இடம்பெறவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஆயிரம் டாலர் அட்டையை ஒழுங்காக நடத்தியவருக்கும் முந்நூறு டாலர் அட்டையை ஒழுங்காக நடத்தியவருக்கும் செலுத்திய வரலாறு என்னும் கூறில் வேறுபாடு இல்லை. எனவே, மீட்புக்குத் தேவைப்படுவது பெருந்தொகையன்று, காலமும் ஒழுங்குமே.

காலத்தைப் பொறுத்தவரை 1970 ஆம் ஆண்டின் நேர்மையான கடன் அறிக்கைச் சட்டம் ஒரு வரம்பு வகுத்துள்ளது. தவறிய தவணைகள் பொதுவாக 7 ஆண்டுகள் வரையும், நொடிப்பு 10 ஆண்டுகள் வரையும் அறிக்கையில் நீடிக்கலாம். உண்மையான பதிவைப் பணம் பெற்றுக்கொண்டு அழித்துத் தருவதாகக் கூறுவோரின் சொல் நம்பத்தக்கதன்று. பிழையான பதிவைத் திருத்தக் கட்டணமின்றியே முறையிடலாம். ஆதலின், அட்டைக்கு விண்ணப்பிக்கும் முன் ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று நிறுவனங்களின் அறிக்கைகளையும் பெற்றுச் சரிபார்ப்பது முதற்பணியாகும்.

தேர்வுக்கான நான்கு வினாக்கள்

முதல் வினா: அட்டைக் கணக்கின் விவரம் மூன்று நிறுவனங்களுக்கும் மாதந்தோறும் அனுப்பப்படுகிறதா? விவரம் அனுப்புமாறு அமெரிக்கச் சட்டம் கடன் கொடுப்போரைக் கட்டாயப்படுத்தவில்லை. சிறு சங்கம் ஒன்று ஒரே நிறுவனத்துக்கு மட்டும் அனுப்பினால், மற்ற இரு ஏடுகளிலும் அட்டைதாரரின் ஒழுங்கு பதிவாகாது. வட்டி எவ்வளவு குறைவாயினும் அவ்வட்டை மீட்புக்கு முழுமையாகப் பயன்படாது.

இரண்டாம் வினா: மொத்தச் செலவு எவ்வளவு? கூட்டாட்சிச் சட்டத்தின்கீழ் அமைந்த சங்கங்கள் வாங்கும் வட்டிக்குச் சட்டம் 15 சதவீத உச்சவரம்பு விதித்துள்ளது. அதனைத் தற்காலிகமாக உயர்த்தும் அதிகாரம் மேற்பார்வை அமைப்பான தேசியக் கடன் சங்க நிருவாகத்துக்கு உண்டு. அவ்வமைப்பு 1987 முதல் 18 சதவீத வரம்பைத் தொடர்ந்து நீட்டித்து வந்துள்ளது. 2023, 2024 ஆம் ஆண்டுகளில் வணிக வங்கி அட்டைகளின் சராசரி வட்டி 20 சதவீதத்துக்கு மேல் இருந்தது. மதிப்பெண் தாழ்ந்தவர்களுக்கான அட்டைகளில் 30 சதவீதத்தையும் தாண்டுவதுண்டு.

வட்டியுடன் கட்டணத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 2009 ஆம் ஆண்டின் கடன் அட்டைச் சட்டம், கணக்குத் தொடங்கிய முதலாண்டில் விதிக்கும் கட்டணங்கள் பொதுவாகக் கடன் வரம்பின் 25 சதவீதத்தை மீறலாகாது என்கிறது. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 300 டாலர் வரம்புள்ள அட்டைகள் இரண்டு. முதலாவது சங்க அட்டை: ஆண்டுக் கட்டணம் இல்லை, வட்டி 18 சதவீதம். இரண்டாவது வேறொரு நிறுவனத்தின் அட்டை: முதலாண்டுக் கட்டணம் 75 டாலர், வட்டி 30 சதவீதம். ஆண்டு முழுதும் சராசரியாக 150 டாலர் நிலுவை வைத்திருந்தால், முதல் அட்டைக்கு ஆகும் செலவு 27 டாலர். இரண்டாவதற்கு 120 டாலர். மேலும், இரண்டாவது அட்டையில் கட்டணமே கணக்கில் ஏறிவிடுவதால், ஒரு பொருளும் வாங்கும் முன்னரே வரம்பில் கால்பங்கு நிலுவையாகிவிடுகிறது. மதிப்பை உயர்த்த வாங்கிய அட்டை அதற்கே இடையூறாகிறது.

மூன்றாம் வினா: எது ஈடாகிறது? தாழ்ந்த மதிப்பெண் உடையோருக்குச் சங்கங்கள் பெரும்பாலும் பிணை அட்டை வழங்குகின்றன. உறுப்பினர் தம் சேமிப்புக் கணக்கில் 300 டாலரை ஒதுக்கி வைத்தால் அதே அளவு கடன் வரம்பு கிடைக்கும். அட்டை நடப்பில் உள்ளவரை அத்தொகையை எடுக்க இயலாது. நிலுவையின்றி அட்டையை முடித்துக்கொண்டால் தொகை திரும்பக் கிடைக்கும். உறுப்பினரின் வைப்புக்கு 2,50,000 டாலர் வரை காப்பீடு உண்டு.

ஆயினும் இங்கு ஒரு நுட்பமான செய்தி உள்ளது. அட்டை நிலுவைக்காக அட்டைதாரரின் வைப்புக் கணக்கிலிருந்து நிறுவனம் தானே பணத்தை எடுத்துக்கொள்வதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. ஆனால், அட்டைதாரர் அறிந்து ஒப்புக்கொண்டு தம் கணக்கை ஈடு வைத்திருந்தால் இத்தடை பொருந்தாது. பல சங்கங்களின் அட்டை ஒப்பந்தங்களில் இத்தகைய ஈட்டு விதி இடம்பெறுகிறது. பிணை அட்டைக்கென ஒதுக்கிய தொகை மட்டுமன்றி, சம்பளம் வந்து சேரும் கணக்கும் அவ்விதிக்குள் அடங்கக்கூடும். மீண்டும் ஒரு நெருக்கடி நேர்ந்தால், வாடகைக்கென வைத்த பணம் அட்டை நிலுவைக்குப் போய்விடலாம். சங்கம் உறுப்பினருடையது என்பது உண்மையே. எனினும் கடன் கொடுத்த சங்கமும் கடன்கொடுத்தவரே. அன்றாடச் செலவுக்குரிய கணக்கை ஈட்டு விதிக்கு உட்படாத வேறோர் இடத்தில் வைத்துக்கொள்வது விவேகமாகும்.

நான்காம் வினா: அடுத்த படி என்ன? சில சங்கங்கள் குறிப்பிட்ட காலம் ஒழுங்காகச் செலுத்தியவருக்கு அதே கணக்கைப் பிணையற்ற அட்டையாக மாற்றி, ஈட்டுத் தொகையைத் திருப்பித் தருகின்றன. இதனால் கணக்கின் வயது தொடர்கிறது. வேறு சிலவற்றில் பழைய கணக்கை முடித்துப் புதிதாக விண்ணப்பிக்க நேரும். விண்ணப்பத்தின்பொருட்டு மேற்கொள்ளப்படும் கடன் விசாரணை அறிக்கையில் 2 ஆண்டுகள் இருக்கும். ஆகவே, பல இடங்களில் ஒரே சமயத்தில் விண்ணப்பிப்பதைத் தவிர்த்து, தகுதி விவரத்தை முன்னரே கேட்டறிந்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நலம்.

பயன்படுத்தும் முறை

தேர்வு சரியாக இருந்தாலும் பயன்பாடு தவறினால் பலன் இல்லை. பெரும்பாலும் மாதக் கணக்கறிக்கை தயாராகும் நாளில் உள்ள நிலுவையே தகவல் நிறுவனங்களுக்குச் செல்கிறது. 300 டாலர் வரம்பில் 270 டாலர் நிலுவை இருந்தால், அதனை உரிய நாளில் முழுவதும் செலுத்தினாலும், அம்மாத ஏட்டில் 90 சதவீதப் பயன்பாடு பதிவாகும். எனவே, நிலுவையை 90 டாலருக்குக் கீழே, அதாவது 30 சதவீதத்துக்குள் வைப்பது நல்லது. இன்னும் குறைவாக இருப்பது மேலும் நல்லது. மாதந்தோறும் தவிர்க்க இயலாத ஒரு சிறு செலவை மட்டும் அட்டையில் செய்து, முழுத்தொகையையும் தானியங்கி முறையில் செலுத்த ஏற்பாடு செய்தவருக்கு வட்டிச் செலவே இல்லை. நிலுவையைச் சுமந்து வட்டி கட்டினால்தான் மதிப்பெண் உயரும் என்னும் பரவலான எண்ணம் தவறானது. தவணை நாளைத் தாண்டி 30 நாட்கள் ஆன பின்னரே தாமதம் பொதுவாக அறிக்கையில் ஏறும் என்பதால், தவறியவர் அதற்குள் செலுத்திவிட்டால் தாமதக் கட்டணத்துடன் தப்பலாம்.

இந்திய நிலை

நம் நாட்டில் 2000 ஆம் ஆண்டில் சிபில் நிறுவனம் தொடங்கப்பட்டது. 2005 இல் கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. நான்கு தகவல் நிறுவனங்கள் இயங்குகின்றன. சிபில் மதிப்பெண் 300 முதல் 900 வரை அமைகிறது. ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையைக் கட்டணமின்றித் தர வேண்டும் என்னும் விதி 2017 முதல் நடப்பில் உள்ளது. முறையீடு 30 நாட்களுக்குள் தீர்க்கப்படாவிடில் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு அளிக்கும் விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. நிலையான வைப்புத்தொகையின் ஈட்டின்மேல் கடன் அட்டை வழங்கும் வங்கிகளும் பல உள்ளன. மேற்கூறிய நான்கு வினாக்களும் அவ்வட்டைகளுக்குப் பெரிதும் பொருந்தும்.

ஆனால் இரண்டு வேறுபாடுகள் ஆட்சியாளர்களின் கவனத்துக்கு உரியவை. முதலாவது, வட்டி வரம்பு. இந்தியாவில் பல அட்டைகளின் வட்டி மாதத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல் உள்ளது. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மிகுந்த வட்டி முறையற்றது எனத் தேசிய நுகர்வோர் ஆணையம் 2008 இல் அளித்த தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் நீக்கியது. எனவே, மீட்சியை நாடுபவர் நிலுவையைச் சுமப்பது இங்கு இன்னும் ஆபத்தானது.

இரண்டாவது, பதிவேட்டில் உள்ள இடைவெளி. அமெரிக்கச் சங்கத்தை உருவிலும் நோக்கிலும் பெரிதும் ஒத்திருப்பவை நம் நாட்டின் பணியாளர் கூட்டுறவுச் சிக்கனக் கடன் சங்கங்களே. 2005 ஆம் ஆண்டுச் சட்டம் கடன் நிறுவனங்களை வரையறுக்கும்போது கூட்டுறவு வங்கிகளைப் பெயரிட்டுக் கூறுகிறது. சிக்கனக் கடன் சங்கங்களை அவ்வாறு கூறவில்லை. ஆகவே, இருபது ஆண்டுகள் சங்கக் கடனைச் சம்பளப் பிடித்தத்தின் வாயிலாகத் தவறாது அடைத்த தொழிலாளி ஒருவர் வங்கியை அணுகும்போது, அவரது நாணயத்துக்கு ஏட்டில் சான்று இல்லாமற் போகக்கூடும். ஆனால், மருத்துவச் செலவுக்காக ஒரு முறை வாங்கித் தவறிய வங்கிக் கடன் மட்டும் அங்கே தவறாமல் பதிவாகியிருக்கும்.

தகுதியுள்ள சிக்கனச் சங்கங்களைக் கடன் தகவல் அமைப்புடன் இணைப்பது எளிதன்று. கணக்குகள் கணினிமயமாக வேண்டும். விவரங்கள் பிழையின்றிச் செல்ல வேண்டும். தவறாகப் பதிவான உறுப்பினருக்கு முறையிட வழி வேண்டும். கெட்ட பதிவு மட்டும் விரைந்து சென்று நல்ல பதிவு பின்தங்குமானால் பயனைவிடத் தீங்கே மிகும். இவற்றுக்கெல்லாம் செலவும் பயிற்சியும் தேவை. ஆயினும் அது மேற்கொள்ளத்தக்க பணியே. 1907 இல் ஃபைலீன் வங்காளக் கிராமங்களில் கண்டது, சொத்து இல்லாதவரின் ஒழுங்கையும் பிணையாக ஏற்ற ஒரு முறையை. அந்த ஒழுங்கு இன்றும் நம் சங்கங்களின் பேரேடுகளில் உள்ளது. அதனை உரிய ஏட்டில் சேர்ப்பதே தவறி விழுந்தவர் மீண்டும் எழுவதற்கு அரசு செய்யக்கூடிய செலவு குறைந்த உதவியாகும்.