மாத்திரை யாருக்கு?

காலி அட்டையைக் கவுன்ட்டரில் வைத்து, "இதே மாதிரி ஒரு அட்டை கொடுங்க" என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, "யாருக்கு?" அம்பத்தூர் ஓ.டி. பக்கம் மெடிக்கல் ஷாப் நடத்தும் பார்மசிஸ்ட் நான். இந்தக் கேள்விக்குச் சிலர் முகம் சுளிப்பார்கள். "என் மச்சானுக்கு நல்லாக் கேட்டுச்சு சார், அதான்" என்பார்கள். மச்சானுக்குக் கேட்டது இவருக்கும் கேட்கும் என்று எந்த மாத்திரையும் எழுதிக் கொடுப்பதில்லை.

ஆவடி டேங்க் பேக்டரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர். மகனுக்குச் சளி பிடித்தபோது வாங்கி மிச்சமிருந்த மாத்திரையை இரண்டு வேளை போட்டிருக்கிறார். மகனுக்கு அது நல்ல தூக்கத்தைக் கொடுத்தது, அவ்வளவுதான். அப்பாவுக்கு மறுநாள் காலையில் சிறுநீர் இறங்கவில்லை. அடிவயிறு கல்லாகி, ஆஸ்பத்திரியில் டியூப் போட்டுத்தான் எடுத்தார்கள். அவருக்குப் புராஸ்டேட் வீக்கம் ஏற்கெனவே இருந்தது. சளி மாத்திரைகள் பலவற்றில் குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்திருக்கும். முதலாவது சிறுநீர்ப்பையின் தசையைத் தளர்த்தும், அடுத்தது பையின் வாயை இறுக்கும். இளவயதுக்காரருக்கு இது உறைக்காது. பாதி அடைத்த குழாயோடு இருப்பவருக்கு முழு அடைப்பாகிவிடும். அதிலிருந்து, வயதானவர்கள் சளிக்கு மாத்திரை கேட்டால், "ராத்திரி எத்தனை தடவை யூரினுக்கு எழுந்துக்கிறீங்க ஐயா?" என்று கேட்டுவிட்டுத்தான் அலமாரிப் பக்கம் திரும்புகிறேன். சளிக்கும் யூரினுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

உடம்புக்கு உடம்பு மருந்தின் வேலை மாறும் என்பதை நம் ஊரிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம்தான் இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறது. ஐசோனியசிட் என்ற மருந்தைக் கல்லீரல் சிதைக்கும் வேகம் பிறவியிலேயே ஆளுக்கு ஆள் வேறு. தென்னிந்திய நோயாளிகளில் ஏறத்தாழப் பத்துக்கு ஆறு பேர் மெதுவாகச் சிதைப்பவர்கள் என்று அங்கே நடந்த ஆய்வுகள் காட்டின. வாரம் ஒருமுறை மட்டும் மருந்து கொடுத்துப் பார்த்தபோது, வேகமாகச் சிதைப்பவர்களுக்கு அது போதவில்லை. மெதுவாகச் சிதைப்பவர்களுக்கோ வேறு தொல்லை: மருந்து உடம்பில் தங்குவதால் கால் எரிச்சலும் மதமதப்பும் அவர்களுக்குத்தான் அதிகம். கொஞ்சம் பி6 வைட்டமின் சேர்த்துக் கொடுத்தால் அதைத் தடுக்கலாம் என்பதையும் இதே மையம் சோதித்துச் சொன்னது. "வெறும் சத்து மாத்திரைதானே" என்று பி6-ஐ ஒதுக்கிவைக்கும் டிபி நோயாளிகளுக்கு இந்தக் கதையை நான் சொல்லாமல் விடுவதில்லை.

இப்போது தினமும் மருந்து கொடுப்பதால் இந்த வேக வித்தியாசம் அவ்வளவாகப் பாதிப்பதில்லை. ஆனால் எடை பாதிக்கும். அரசு தரும் டிபி கூட்டு மாத்திரை, 35 முதல் 49 கிலோ வரை உள்ள பெரியவருக்கு நாளைக்கு 3, 50 முதல் 64 கிலோ வரை என்றால் 4. சிகிச்சையில் உடம்பு தேறி எடை ஏறினால் அதைச் சொல்ல வேண்டும், எண்ணிக்கை மாறலாம். எங்கள் அயப்பாக்கத்திலேயே இருக்கும் தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும் மாநில அரசும் 2022-இல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' இன்னும் ஒரு படி மேலே போகிறது. நோய் உறுதியானவுடனே உடல் மெலிவு, மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்றெல்லாம் பார்த்து, தாங்கமுடியாத நிலையில் இருப்பவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுகிறார்கள். ஒரே மருந்தை வீட்டிலிருந்தே சாப்பிட்டுத் தேறுபவரும் உண்டு, முதல் சில வாரங்களைத் தாண்டாதவரும் உண்டு.

குழந்தை விஷயத்தில் எடைதான் எல்லாமே. பாராசிட்டமால் சிரப் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் என்றும் வரும், 250 என்றும் வரும். சொட்டு மருந்திலோ ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம். 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம் வரைதான். பூந்தமல்லியிலிருந்து வந்த ஒரு அம்மா, சிரப் தீர்ந்துபோனதால் சின்னவனுக்குச் சொட்டு மருந்தை அதே 5 மில்லி மூடியில் ஊற்றிக் கொடுக்கலாமா என்று கேட்டார். 500 மில்லிகிராம் போயிருக்கும், பெரியவர்கள் போடும் ஒரு மாத்திரை அளவு. நல்லவேளை, கொடுப்பதற்கு முன்பே கேட்டார்.

எங்கள் பகுதிக்கே உரிய கவலை ஒன்று உண்டு, அது வெயில் காலம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஃபவுண்டரி, வெல்டிங் வேலை பார்ப்பவர்கள் அக்னி நட்சத்திரத்தில் சட்டை பிழியும் அளவுக்கு வியர்த்து வருவார்கள்.

"அண்ணே, இடுப்பு பிடிச்சிருக்கு. ஊசி போட்ட மாதிரி கேக்கணும், ஏதாவது கொடுங்க."

"வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறியா தம்பி?"

"ஒண்ணும் இல்லண்ணே."

"பிரஷருக்கு?"

"அது தினம் போடுறதுதானே!"

தினம் போடுவதை நம் ஆட்கள் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பிரஷர் மாத்திரை அட்டையில் பெயருக்குப் பின்னால் 'ஹெச்' என்ற எழுத்து இருந்தால், பெரும்பாலும் அதில் நீரைப் பிரித்து வெளியேற்றும் மருந்தும் சேர்ந்திருக்கும். வியர்வையில் ஏற்கெனவே நீர் வற்றிய உடம்பு. அதன்மேல் டெல்மிசார்டன் போன்ற பிரஷர் மருந்து, அதற்கும் மேல் டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரை. மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குள் ரத்த ஓட்டம் குறைந்து கிரியாட்டினின் ஏறிவிடும். ஏசி அறையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர் இதே மாத்திரைகளோடு தப்பித்துவிடலாம். அதற்காக பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். வேலை எப்படிப்பட்டது என்று டாக்டரிடம் சொல்லுங்கள். வலி மாத்திரையை அவர் எழுதிக் கொடுத்தால் மட்டும் போடுங்கள்.

ஆபரேஷனுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்துக்குப் பிறகு மூச்சு திரும்ப நெடுநேரம் ஆனதா என்று விசாரித்து வையுங்கள். தசையைத் தளர்த்தப் போடும் சக்சினைல்கோலின் ஊசியை உடைக்கும் நொதி சிலருக்குப் பிறவியிலேயே இருக்காது. ஆரிய வைசியக் குடும்பங்களில் இது கூடுதலாகக் காணப்படுகிறது. முன்கூட்டியே தெரிந்தால் மயக்க மருந்து நிபுணர் வேறு ஊசி போட்டுவிடுவார்.

போனில் ஒரு படம் வைத்துக்கொள்ளுங்கள்: எடை, கடைசி கிரியாட்டினின் ரிப்போர்ட், எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, லேகியம் உட்படச் சாப்பிடுவது எல்லாம். டாக்டரிடமும் கடையிலும் அதைக் காட்டுங்கள். மருந்து ஒத்துக்கொள்ளாமல் ஏதாவது ஆனால் முதலில் டாக்டரிடம் போங்கள். பிறகு 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். மத்திய அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் எண் அது. டாக்டர் மட்டுமல்ல, நோயாளியே நேரடியாகச் சொல்லலாம்.